விழித்தெழும் நேரத்தில் இசை: மின்னதிர்வு சிகிச்சையும் அமைதியும்

மனநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டு வருபவரை இசை அமைதிப்படுத்துமா என்ற கேள்விக்கு, ஏறக்குறைய எல்லாக் காலத்திலும் ‘ஆம்’ என்றுதான் விடை வந்திருக்கிறது. எந்தச் சிகிச்சை, அதன் எந்தக் கட்டம், என்ன இசை, யார் தேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் அந்த விடையின் பரப்பு சுருங்குகிறது. இக்கட்டுரை ஈ.சி.டி. எனப்படும் மின்னதிர்வு சிகிச்சையை நடுவில் வைத்து அந்தக் கேள்வியைப் பார்க்கிறது. ‘ஷாக் வைக்கிறது’, ‘கரண்ட் கொடுக்கிறது’ என்று நம்மிடையே இன்னும் அச்சத்தோடு பேசப்படும் சிகிச்சை அது. நோயாளியை அமைதிப்படுத்தும் தேவை அங்கே மிகுதி. ஆனால் அதற்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகளைத் தாராளமாகக் கொடுக்க முடியாத நிலையும் அங்கேதான் உண்டு.

சிகிச்சை அறையில் நடப்பது

நோயாளி வெறும் வயிற்றோடு காலையில் காத்திருப்பார். முறை வந்ததும் ஊசி வழியே மயக்க மருந்து, அதையடுத்துத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின். பின் தலையில் வைத்த மின்முனைகள் வழியே சில விநாடிகள் மின்சாரம். மூளையில் வலிப்பு எழுந்து, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளோ அதைச் சற்றே தாண்டியோ அடங்கிவிடும். தசைகள் தளர்ந்திருப்பதால் உடலில் பெரிய அசைவு தெரியாது. சில நிமிடங்களில் தானாக மூச்சு திரும்பி, நோயாளி கண் விழிப்பார். பொதுவாக இது வாரத்துக்கு 2 அல்லது 3 முறையாக 6 முதல் 12 முறை வரை நடக்கும்.

கண் விழித்த பிறகான நேரம்தான் இங்கே முக்கியம். எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்பது உடனே பிடிபடாது. தலைவலியும் உடம்புவலியும் இருக்கலாம். சிலர் கடும் கலக்கத்துக்கு உள்ளாகி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்க முயல்வார்கள், கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார்கள். செவிலியர் பெயர், வயது, இடம், நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நினைவு எப்போது தெளிகிறது என்று கவனிப்பார். தெளிவதற்கு நீண்ட நேரம் எடுப்பவர்களுக்குப் பிற்பாடு நினைவிழப்பும் கூடுதலாக இருக்கும் போக்கை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே அந்த நேர அளவு மருத்துவ மதிப்பு உள்ள ஒன்று.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். பதற்றத்தைத் தணிக்கப் பொதுவாகத் தரப்படும் பென்சோடயசெபின் வகை மருந்துகள் வலிப்பையும் அடக்கக்கூடியவை. ஈ.சி.டி.க்கு முன் அவற்றைக் கொடுத்தால் சிகிச்சைக்குத் தேவையான வலிப்பே சரியாக எழாமல் போகலாம். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு ஒரு மாத்திரை கொடுத்துவிடுவது போல ஈ.சி.டி.க்குக் காத்திருப்பவருக்குக் கொடுக்க முடிவதில்லை. மருந்தில்லாத அமைதிக்கு இவ்வளவு தெளிவான மருத்துவக் காரணம் உள்ள இடங்கள் குறைவு.

பழைய விடைகள்

புண்பட்ட உடலருகே இசை வேண்டும் என்ற எண்ணம் தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 281ஆம் பாடலில், போரில் காயமுற்ற கணவனைக் காக்க ஒருத்தி தோழியரை அழைக்கிறாள். வீட்டில் வேம்பும் இரவமும் செருகி, யாழும் பிற கருவிகளும் ஒலிக்க, ஐயவி தூவி, மணி அடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பிக் காவல் இருக்கலாம் என்கிறாள். அங்கே இசை காவலின் ஒரு பகுதி. காயத்தை ஆற்றுவதாக அந்தப் பாடல் சொல்லவில்லை.

துருக்கியின் எடிர்னே நகரில் இரண்டாம் பயெசித் சுல்தான் கட்டிய மருத்துவமனை 1488இல் நிறைவுற்றது. 17ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலெபி, பாடகரும் கருவி இசைப்போருமாகப் பத்துப் பேர் வாரம் மூன்று முறை நோயாளிகளுக்கும் மனம் கலங்கியோருக்கும் வாசித்ததாக எழுதியிருக்கிறார். நீர் ஓடும் ஓசையும் அந்தக் கட்டடத்தின் அமைப்பிலேயே இருந்தது. எடிர்னே இன்று இசைச் சிகிச்சையின் பெருமைமிகு முன்னோடியாகக் காட்டப்படுகிறது. ஆனால் செலெபி மிகைப்படுத்தி எழுதுவதற்கும் பெயர்போனவர். நோயாளிகள் எத்தனை பேர் அமைதியுற்றார்கள் என்பதற்கு அவர் எழுத்தைச் சான்றாகக் கொள்வது கடினம்.

பழைய விடைகளில் அதிக நேர்மை உள்ளது பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோலின் விடை. 1820களின் நடுவில் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில், நகரின் தேர்ந்த இசைக் கலைஞர்களை வரவழைத்து, நோயிலிருந்து தேறிவந்த பெண்களுக்குக் கச்சேரிகள் நடத்திப் பார்த்தார். முகங்கள் மலர்ந்ததையும் கண்கள் கலங்கியதையும் கண்டார். ஆனால் இசையால் யாரும் குணமானதாக அவர் முடிவு கட்டவில்லை. இசை நோயைத் தீர்ப்பதில்லை, ஆனால் தேறிவருபவருக்கு ஆறுதலாகிறது என்பதே 1838இல் வெளியான அவருடைய பெருநூலின் நிலைப்பாடு. சிகிச்சையையும் தேறுதலையும் பிரித்துப் பார்த்த அந்தக் கண் பிற்காலத்தவர் பலரிடம் இல்லை.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மனநலக் காப்பகங்களில் இசைக்குழுக்கள் வழக்கமாயின. பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற எட்வர்ட் எல்கர் 1879 முதல் 1884 வரை பவிக் காப்பகத்தின் குழுவை நடத்தினார். அங்கே இசை ஓய்வுக்கும் நடனத்துக்கும் ஒழுங்குக்கும் பயன்பட்டதே தவிர, யாரும் அதன் விளைவை அளக்கவில்லை.

அதிர்வுச் சிகிச்சையின் காலம்

1933இல் மான்ஃப்ரெட் சாகெல் இன்சுலின் மயக்கச் சிகிச்சையை அறிவித்தார். 1938இல் ரோம் நகரில் ஊகோ செர்லெட்டியும் லூசியோ பினியும் முதல் மின்னதிர்வைக் கொடுத்தார்கள். இசையை இந்தப் புதிய சிகிச்சைகளோடு இணைக்கும் முயற்சி அதிகம் நடந்த இடம் அமெரிக்கா. மிச்சிகனின் எலோயிஸ் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் இசைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதே மாநிலத்தில் 1944இல் இசைச் சிகிச்சைக்கான பட்டப் படிப்பு ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945இல், இராணுவ மருத்துவமனைகளில் தேறிவரும் வீரர்களுக்கு இசையைப் பயன்படுத்துவது பற்றி அமெரிக்கப் போர்த்துறை தனிக் கையேடே வெளியிட்டது. 1950இல் மின்னதிர்வுக்குத் துணையாக எந்த இசையைத் தேர்வது என்ற பொருளில் ஒரு தொழில்முறை இதழில் கட்டுரையும் வந்தது.

ஆல்ட்ஷூலர் விட்டுச்சென்ற கருத்து இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. நோயாளியின் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, படிப்படியாக வேண்டிய நிலைக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அது. பதறுகிறவருக்கு எடுத்த எடுப்பிலேயே தாலாட்டு போட்டால் அது அவரைத் தொடாது என்பது அனுபவத்துக்குப் பொருந்திய கூற்றுதான். குறை என்னவென்றால், தொடர்ந்து கவனித்து இசையை மாற்றிக்கொண்டே போக ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பென் டிரைவில் ஏற்றிய பாட்டுத் தொகுப்பால் அது ஆகாது. மேலும் அந்தக் காலத்து அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒப்பீட்டுக் குழு இல்லாத கவனிப்புகள்.

அந்தக் காலத்தில் மின்னதிர்வு மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சியும் இல்லாமல் கொடுக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு. அந்த அச்சத்தைப் போக்கியது இசை அல்ல, 1950களில் பரவிய மயக்க முறையும் சக்சினைல்கோலினும்தான். இந்தியாவில் மயக்கமும் தசைத் தளர்ச்சியும் இல்லாத ஈ.சி.டி.யை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்தது. இசையைப் பற்றிப் பேசும்போது இந்த வரிசையை மறக்கக்கூடாது. அடிப்படைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஒலிக்கும் பாட்டு கொடுமைக்குத் திரை போடுகிறது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இன்றைய ‘ஆம்’ பெரும்பாலும் அறுவை சிகிச்சை ஆய்வுகளிலிருந்து வருகிறது. 2013இன் காக்ரேன் தொகுப்பாய்வு அறுவைக்கு முன் இசை கேட்டவர்கள் பற்றிய 26 ஆய்வுகளை, 2,051 பேரை உள்ளடக்கியது. 20 முதல் 80 வரை செல்லும் பதற்ற அளவுகோலில் இசை சுமார் 6 புள்ளிகளைக் குறைத்தது. தனக்கு இசை கிடைத்ததா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும் என்பதால், இவ்வகை ஆய்வுகளில் சாய்வுக்கு இடம் அதிகம் என்பதையும் அத்தொகுப்பு எச்சரித்தது. 2015இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு ஏறத்தாழ 7,000 நோயாளிகளைக் கொண்டு, அறுவைக்குப் பின் வலி, பதற்றம், வலிமருந்துத் தேவை மூன்றும் குறைவதாகக் காட்டியது. இசையை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இதைத்தான். அந்த ஆய்வு மைய நரம்பு மண்டலத்திலும் தலை, கழுத்துப் பகுதியிலும் நடந்த அறுவைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூளையில் வலிப்பை எழுப்பி நினைவைத் தற்காலிகமாகக் குழப்பும் ஒரு சிகிச்சைக்கு அதன் முடிவை அப்படியே கொண்டுவருவது பொருந்தாது.

2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நம் கேள்விக்கு நெருக்கமானது. குறிப்பிட்ட நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு முன் 157 பேரில் ஒரு பாதிக்குப் பென்சோடயசெபின் வகையைச் சேர்ந்த மிடசோலம் மருந்தும், மறு பாதிக்கு ஹெட்போனில் முன்கூட்டியே தேர்ந்த ஒரே இசையும் தரப்பட்டன. பதற்றம் குறைந்த அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் திருப்தி மருந்துக் குழுவில்தான் கூடுதல். இசையைத் தாங்களே தேர முடியாமல் போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஹெட்போன் காதில் இருந்ததால் மருத்துவரோடு பேசுவதும் கடினமானது. ஈ.சி.டி. அறைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மின்முனைகள் பொருத்த ஹெட்போனைக் கழற்றியாக வேண்டும். விழித்ததும் செவிலியரின் கேள்வி காதில் விழ வேண்டும்.

ஈ.சி.டி.யிலேயே நேரடியாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் சிறியவை. அவையும் பெரிதும் சிகிச்சைக்கு முந்தைய காத்திருப்பையும் நோயாளிகளின் விருப்பத்தையும் பற்றியவை. அண்டைத் துறையில் ஒரு புதிய வரவு உண்டு. மனச்சோர்வுக்குக் கெட்டமைன் ஏற்றப்படும்போது இரத்த அழுத்தம் உயர்வது வழக்கம். கனடாவில் 32 பேரிடம் நடந்து 2024இல் வெளியான சோதனையில், இசை கேட்டவர்களுக்கு அந்த உயர்வு குறைவாக இருந்தது. எண்ணிக்கை சிறிது, ஆயினும் ‘நன்றாக இருந்தது’ என்ற சொல்லோடு நிற்காமல், உடலில் அளக்கத்தக்க ஒன்றை அது அளந்தது.

‘அமைதி தரும் இசை’ என்பது உடலில் அப்படியே பதியும் என்று எண்ணுவோருக்கு 2013இன் ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒரு நல்ல கடிவாளம். அதில் 60 பெண்கள் மூன்று குழுவாயினர். ஒரு குழு தேர்ந்த அமைதியான இசையைக் கேட்டது. ஒன்று சலசலக்கும் நீரோசையைக் கேட்டது, ஒன்று சும்மா ஓய்ந்திருந்தது. பின் எல்லோரும் ஒரே மன அழுத்தச் சோதனைக்கு உட்பட்டனர். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலின் சுரப்பு குறைவாக இருந்தது நீரோசைக் குழுவில். இசைக் குழுவில் அது கூடுதலாகவே இருந்தது. ஆனால் சோதனை முடிந்தபின் தன்னியக்க நரம்புகள் நிலைக்குத் திரும்பிய வேகம் இசைக் குழுவில் சற்று அதிகம். ஒரே இசை, ஒரே உடல், இரு வேறு பதில்கள். எந்த ஒன்றை ‘அமைதி’ என்று அளப்பது?

ராகங்கள் பற்றிய உரிமைகோரல்

நம்மிடையே இந்த விவாதம் விரைவில் ராகத்துக்கு வந்துவிடும். முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடரின் வயிற்றுவலி நீங்கக் கிரகக் கிருதிகளை இயற்றினார் என்ற செவிவழிக் கதை இதற்கு வேர்களுள் ஒன்று. குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆய்வு மையம் நடத்தி இதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். உறக்கத்துக்கு நீலாம்பரி, இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்ற பட்டியல்கள் இன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ராகம் உணர்வை எழுப்புவது உண்மை. இந்திய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வும், ராகத்துக்கு ராகம் கேட்போரின் உணர்வு மாறுவதையும், ஆலாபனையில் ஒருவகையாகவும் தாளம் சேர்ந்ததும் வேறுவகையாகவும் ஆவதையும் காட்டியது. அங்கிருந்து ‘இந்த ராகம் இந்த நோயைத் தணிக்கும்’ என்பதற்குத் தாவும் பாலம் கட்டப்படவில்லை.

1999இல் பால்க்வில், தாம்ப்சன் என்ற இருவர் இந்துஸ்தானி ராகங்களை, அந்த மரபை அறியாத மேலைநாட்டவருக்குப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, துயரம், சினம் மூன்றையும் அவர்களால் அடையாளம் காண முடிந்தது. கைநழுவியது அமைதி. நம் கேள்வி முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியது என்பதால் இந்த முடிவு கவலையோடு கவனிக்கத்தக்கது. அமைதி என்பது ஓரளவேனும் பழக்கத்தால் வருவது என்று இது உணர்த்துகிறது. சாமா ராகத்தில் ஊறியவருக்கு அது அமைதி. கச்சேரி வாசனையே இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு, விழித்ததும் காதில் விழும் சாமா இன்னொரு அந்நிய ஒலியாக இருக்கலாம். அவருக்கு வானொலியில் கேட்டு வளர்ந்த பழைய திரைப்பாட்டு நெருக்கமாகலாம். பெங்களூரின் நிம்ஹான்ஸிலும் புதுச்சேரியிலும் இசையை மருத்துவ முறைப்படி ஆராயும் பிரிவுகள் இயங்குகின்றன. ராகப் பட்டியல்களைவிட அத்தகைய இடங்களின் பொறுமையான வேலைக்கே இந்தத் துறை கடன்படும்.

மௌனத்தின் வாதம்

இசை வேண்டாம் என்ற தரப்புக்கு உரிய இடம் இந்த விவாதத்தில் கிடைப்பதில்லை. வலிப்பிலிருந்து மீளும் மூளைக்கு ஒளியும் ஒலியும் குறைவாக இருக்கட்டும் என்பது பல மருத்துவமனைகளில் நடைமுறை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் செவிலியப் பணிக் குறிப்புகளில், தேவையற்ற ஓசையை நோயாளிக்குச் செய்யும் பெருந்தீங்காகக் கண்டித்தார். குரல், நரம்புக் கருவி, காற்றுக் கருவி போன்ற தொடரொலிகள் நன்மை செய்யும் என்றும், விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ கெடுதல் செய்யும் என்றும் பிரித்துச் சொன்னார். அது ஆய்வு முடிவு அல்ல. ஆனால் உன்னிப்பான கவனிப்பு.

2006இல் வெளியான ஆய்வில் பெர்னார்டி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 24 பேருக்குப் பலவகை இசையைப் போட்டு இதயத்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தார்கள். அந்த இசைகளில் ஓர் இந்திய ராகமும் இருந்தது. வேகம் கூடக்கூட உடலும் கிளர்ச்சியுற்றது. எதிர்பாராதது வேறொன்று: பாட்டுகளுக்கு நடுவே விட்ட 2 நிமிட மௌனத்தில் உடல் தொடக்க நிலையையும்விட அதிகமாகத் தளர்ந்தது. அமைதியைத் தந்தது மௌனமா, இசையைத் தொடர்ந்து வந்த மௌனமா என்பது தீராத கேள்வி. பல கட்டில்கள் அடுத்தடுத்துக் கிடக்கும் மீட்பு அறையில் இது நேரடியாகத் தொடும் விஷயம். ஒருவருக்காக ஸ்பீக்கரில் ஒலிக்கும் பாட்டு, பக்கத்துக் கட்டிலில் விழித்தெழுபவருக்குக் கேளாமல் இருக்காது. மானிட்டரின் எச்சரிக்கை ஒலிகளோடும் அது மோதும்.

யார் தேர்வது

நோயாளியே தேர வேண்டும் என்ற நிலைப்பாட்டை நான் ஏற்கிறேன். ஆனால் அதற்கான காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். லான்செட் தொகுப்பாய்வில், நோயாளி தேர்ந்த இசைக்கும் பிறர் தேர்ந்த இசைக்கும் விளைவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தேர்வுரிமை வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் அறம் சார்ந்தது. பாதி மயக்கத்தில் இருப்பவரால் எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்த முடியாது. அதிலும் ஈ.சி.டி. பெறுபவர்களில் பலர், தங்கள் உடல்மீது பிறர் முடிவெடுப்பதை ஏற்கெனவே போதுமான அளவு அனுபவித்தவர்கள்.

மருத்துவக் காரணமும் ஒன்று உண்டு. மனநோயின் உள்ளடக்கம் ஆளுக்கு ஆள் வேறு. தெய்வம் தன்னிடம் பேசுகிறது என்ற மாயநம்பிக்கை உடையவருக்குப் பக்திப் பாடல் ஆறுதலாகவும் ஆகலாம், கலக்கத்தைத் தூண்டவும் தூண்டலாம். அதை அறிந்தவர் அவரும் அவர் வீட்டாரும் மருத்துவரும்தான். 2017 சட்டம், தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சையும் பராமரிப்பும் வேண்டும் என்பதை நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்க வழி செய்திருக்கிறது. ஈ.சி.டி.க்கு ஒப்புதல் வாங்கும் வேளையிலேயே, விழிக்கும்போது பாட்டு வேண்டுமா, எந்தப் பாட்டு, யாருடைய குரல், அல்லது எதுவும் வேண்டாமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இதற்குப் பணச் செலவு கிடையாது.

சிகிச்சை நாட்கள் முடிந்த பிறகான வாரங்களுக்கு வேறு கணக்கு. அங்கே பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் ஒருவரோடு சேர்ந்து வாசிப்பதும் பாடுவதும் பேசுவதும் சாத்தியம். 2017இன் காக்ரேன் தொகுப்பாய்வு, 9 ஆய்வுகளின் 421 பேரைக் கொண்டு, வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தால் மனச்சோர்வு குறுகிய காலத்தில் கூடுதலாகத் தணிவதாகச் சொன்னது. ஃபின்லாந்தில் 79 பேரிடம் நடந்த சோதனையில் மூன்றாம் மாதம் தெரிந்த வேறுபாடு, ஆறாம் மாதத்தில் புள்ளியியல் அளவில் நிற்கவில்லை.

எஞ்சியிருப்பவை

விழித்த முதல் நிமிடங்களில் பழகிய பாட்டு நினைவு தெளிவதை விரைவுபடுத்துமா, தாமதப்படுத்துமா? கலங்கி எழுபவர்களுக்குத் தேவைப்படும் மருந்தின் அளவை அது குறைக்குமா? பத்து முறை மின்னதிர்வோடு சேர்ந்தே கேட்ட பாட்டு, பிறகு வீட்டில் ஒலிக்கும்போது ஆறுதலைத் தருமா, அந்த அறையை நினைவூட்டுமா? இவை எவற்றுக்கும் நம்பத்தக்க விடை இல்லை. காத்திருப்பு நேரத்தில் விரும்பியவருக்கு விரும்பிய இசையைத் தர, இருக்கும் சான்றும் பென்சோடயசெபின் பற்றிய காரணமும் போதும் என்பது என் மதிப்பீடு. விழித்தெழும் நேரத்தில் அதை எல்லோருக்குமான வழக்கமாக்க இப்போதுள்ள சான்று போதாது.

இந்தப் பகுதிக்கான ஆய்வு செலவு மிகுந்ததல்ல. நினைவு தெளியும் நேரத்தைக் குறித்துக்கொள்வது ஏற்கெனவே அறிந்த முறை. பாட்டு, வீட்டாரின் குரல், மௌனம் என்று மூன்றையும் முறைமாற்றி ஒப்பிட்டால், ஓர் ஆண்டில் பயனுள்ள தரவு சேரும். ஈ.சி.டி. தொடர்ந்து நடக்கும் நம் மருத்துவக் கல்லூரிகள், நோயாளிகளின் ஒப்புதலோடு இதை எடுத்துச் செய்ய வேண்டும்.